ஓதம் பார்க்கப் போன வீடுகள்

தரையில் ஈரம் என்று ஆள் அனுப்புகிறவர்கள் எல்லோருமே, அது எங்கிருந்து வருகிறது என்பதை முன்னாடியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று தலையாட்டுவதற்குத்தான் மேஸ்திரி.

காலையில் கால் ஊன்றினால் பிசுபிசுவென்று ஒட்டுகிற தரையோடும், தூக்கிப் பார்த்தால் அடியில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கிற பாயோடும் குடித்தனம் செய்கிற அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் வேலூர்க்காரன். கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, பிறகு மேஸ்திரியானவன். சிமெண்டு எங்கள் பக்கத்துக்கு வந்த புதிதில் நாலு காசு உள்ளவர்கள் எல்லாம் மண் தரையைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று தளம் போட்டுக்கொண்டார்கள். சாணி மெழுகுகிற வேலை மிச்சம் என்று வீட்டுப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். முதல் மழைக்காலத்தோடு அந்தச் சந்தோஷம் தீர்ந்தது. தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறி மேலே வந்தது. இதை ஓதம் என்போம். ஓதத்தின் ஊற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் வரைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பெரும்பாலும் சிரித்துவிட்டுத் திரும்புகிற சமாசாரங்கள்தான். ஒரே ஒரு வீட்டில் மட்டும், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பிரசவத்துக்கு அப்பன் வீடு வரலாமா கூடாதா என்பதே தரையின் ஈரத்தில் வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்; அதற்கு முன்னால் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாக்கு

ஓதம் காய்ந்த இடத்தில் தரை வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். நாக்கு ஜில்லென்று ஆகிப் பிறகு கசந்தால் அது வெடியுப்பு. எந்தக் காலத்திலோ மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு ருசியும் இல்லாமல் மாவு மாதிரி இருந்தால் வெறும் சுண்ணாம்பு, பயமில்லை. இப்படி ருசி பார்த்துப் பார்த்தே எனக்கு "நாக்கு மேஸ்திரி" என்று பட்டம் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் வாய் கொப்பளிக்காமல் வாசற்படி ஏற முடியாது.

வேலூரில் ஒரு வீட்டில், கூடத்தின் நாலு மூலையிலும் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாக ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கென்னவோ அவர் முகத்தில் பரிதாபம்தான் தெரிந்தது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்: "வெறுந்தரையா தொட்டுத் தொட்டு நக்குறீங்களே மேஸ்திரி, கொஞ்சம் கொழம்பாவது கொண்டாரட்டுமா?"

தாம்பாளம்

நாக்குக்கு அடுத்த கருவி தாம்பாளம். ஈரத் தரையைத் துடைத்துவிட்டு, அதன்மேல் பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவால் பூசி அடைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் தாம்பாளத்தின் உள்பக்கம் நனைந்திருக்கும், அல்லது முதுகு நனைந்திருக்கும். உள்ளே நனைந்தால் ஈரம் பூமியிலிருந்து ஏறுகிறது. முதுகு நனைந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம், குளிர்ந்த தரையைக் கண்டதும் வந்து உட்காருகிறது.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் ஒருவர், திருடனுக்குப் பயந்து சன்னல்களை எல்லாம் பலகை அடித்து மூடி வைத்திருந்தார். பூமிக்கு அடியில் ஊற்று இருக்கிறது, தரையை உடைத்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. நான் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போனால் தாம்பாளத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கத்தில் விளக்கேற்றி, பூவும் சாத்தியிருக்கிறது. நான் ஏதோ பரிகாரம் செய்துவிட்டுப் போனதாக நினைத்துவிட்டார்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டு எடுத்துப் பார்த்தேன். முதுகெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர், உள்ளே பொட்டு ஈரமில்லை. சன்னலைத் திறந்து காற்று விட்டால் போதும், தரையைத் தொட வேண்டாம் என்றேன். ஜவுளிக்கடைக்காரர் நம்ப முடியாமல் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து சொன்னார்: "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நானும் சன்னல தொறங்கன்னு சொல்றேன். தட்டு சொன்னாத்தான் ஏறும் போல."

உப்புப் போட்ட கூழ்

ஆம்பூரில் முனுசாமி என்று ஒருவர். தோல் பதனிடுகிற கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்து, பிறகு அங்கே ஆட்களை மேய்க்கிற இடத்துக்கு வந்தவர். கம்பெனியில் புதுக் குழிகள் கட்டியபோது மிஞ்சிய சிமெண்டை முதலாளி இவருக்குக் கொடுத்தார். அதில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார். தளம் போட்ட கையோடு ஒரே மகள் அம்சாவைக் கட்டிக்கொடுத்தார். அம்சா வாலாஜாபேட்டைக்குப் போன கொஞ்ச நாளில் முனுசாமியின் மனைவி தனம்மா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்து வந்த மழையில் தரை நனைய ஆரம்பித்தது.

இப்போது அம்சாவுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். வீடு பார்க்க வந்த சம்பந்தியம்மா உள்ளே கால் வைத்தார், பாதம் சொத சொதவென்று நனைந்தது. பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் இதில் படுக்கப் போட முடியாது, தரை காய்ந்தால் அனுப்புகிறேன், இல்லையென்றால் எங்கள் வீட்டிலேயே பிரசவம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தனம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, அம்சாவின் முதல் குழந்தை இந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒன்றைத்தான் அவர் கேட்டாராம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே முனுசாமி எனக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை, சமையல் அவரேதான். வெயிலில் நடந்து வந்த தாகத்தில் மடக்கென்று விழுங்கிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை உப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உப்பு ஜாஸ்தியா இருக்குதா? அவ கை அளவு அது. நானும் அதுலயே போட்டுப் பழகிட்டேன் மேஸ்திரி, கம்மியா போட்டா எனக்கு எறங்க மாட்டேங்குது."

கிணறு, ஆறு, ஓடு

முனுசாமி கையில் காரணங்களை ரெடியாக வைத்திருந்தார். முதலில் கிணறு என்றார். கயிறு விட்டுப் பார்த்தேன், தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. பாலாற்று ஊற்று என்றார். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பாதி ஊரே இருந்தது, அந்த வீடுகளின் தரையெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. கூரை ஓடு ஒழுகுகிறது என்றார். ஏணி போட்டு ஏறினேன், ஓடுகள் பழுதில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றும் இல்லையென்று ஆக ஆக, மனிதருக்கு நிம்மதி வருவதற்குப் பதில் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்கு அது விளங்கவில்லை.

தரையின் போக்கும் விநோதமாக இருந்தது. மழையே பெய்யாமல் வானம் மூட்டமாக இருந்தாலே போதும், நனைந்துவிடும். வெயில் வந்தால் காய்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளையை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கல் உப்பு மாதிரிக் கரித்தது, கூடவே லேசாக ஆட்டுத்தோல் நாற்றம். கம்பெனிகளுக்கு வருகிற பச்சைத் தோல் கெட்டுப் போகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். ஊறப் போடுவதற்கு முன்னால் அதை உதறிப் பெருக்கிக் கொட்டுவார்கள். தென்னை மரத்துக்கு வைக்க சனங்கள் வாரிக்கொண்டு போவதுண்டு. மூடி போடாத உப்பு ஜாடி மழை நாளில் தண்ணீர் விட்டுக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த வீட்டுத் தளத்துக்கு அடியிலும் அப்படித் தண்ணீர் விட்டுக்கொள்கிற உப்பு பரவிக் கிடந்தது, ஒரு மூட்டைக்குக் குறையாமல்.

"தரைக்குக் கீழ தோல் உப்பு இருக்குது. தளத்தப் பேத்து, உப்பையும் உப்பு ஊறுன மண்ணையும் எடுத்துட்டா காஞ்சிடும்" என்றேன். எனக்கு ஒரே உற்சாகம், கண்டுபிடித்துவிட்டேனே. தோல் கம்பெனியிலேயே தலை நரைத்த அந்த மனிதர் அந்த வெள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் இருக்காது மேஸ்திரி. வேற ஏதாவது பாரு."

மரியம்பீ வீட்டுத் தண்ணீர்

வேற ஏதாவது என்றால் பாக்கி இருந்தது பக்கத்து வீட்டு மரியம்பீதான். அந்த அம்மாள் குளிக்கிற இடம் முனுசாமியின் சுவரை ஒட்டி இருந்தது. அங்கே விடுகிற தண்ணீர் இந்தப் பக்கம் கசிகிறதோ என்று முனுசாமி மெல்ல இழுத்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து மரியம்பீயின் குளிக்கிற இடத்தில் ஊற்றச் சொன்னேன். நீலம் இந்தப் பக்கம் தரையில் தலைகாட்டினால் குற்றவாளி அவர்தான். அந்த அம்மாள் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ குடம் குடமாகத் தானே இறைத்து, நீலம் போதுமா போதுமா என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். ஒரு சொட்டு நீலம்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

கம்பெனிச் சங்கு ஊதி முனுசாமி வேலைக்குப் போன பிறகு மரியம்பீ என்னைச் சுவரோரம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பழைய மண் தரையில் கரையான் புற்று வைத்து, அம்சா கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த சேலைப் பெட்டியை அடியோடு தின்றுவிட்டதாம். சிமெண்டு போடுவதற்கு முன்னால் தனம்மா, கம்பெனி உப்பைக் கொண்டு வந்து கொட்டினால் கரையான் வராது என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். முனுசாமி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரே மூட்டை சுமந்து வந்தார். தனம்மா தன் கையாலேயே வாரி இறைத்தார். இப்போது சம்பந்தியம்மா வந்து கால் நனைந்ததும், "எந்த புத்தி கெட்ட ஜென்மம் போட்ட தரை இது" என்று கேட்டுவிட்டார். முனுசாமி திக்கித் திணறி, வேலூரிலிருந்து வந்த மேஸ்திரி எவனோ போட்டது என்று சொல்லியிருக்கிறார். வேலூர் மேஸ்திரி! எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. எனக்கு முன்னால் வந்த கொத்தனார்களும் உப்பு என்றுதான் சொன்னார்களாம், எல்லோரையும் அனுப்பிவிட்டார்.

உண்மை தெரிந்தால் புகுந்த வீட்டில் அம்சாவை ஆயுசுக்கும் "உங்கம்மா செஞ்ச காரியம்" என்று குத்திக் காட்டுவார்கள், செத்துப்போனவளுக்கு இப்படி ஒரு பேர் வேண்டாம் என்பதுதான் முனுசாமியின் எண்ணம். தரையும் காய வேண்டும், ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். தளத்தைப் பெயர்த்தால் உப்பு எல்லோர் கண்ணிலும் படும், பெயர்க்காவிட்டால் தரை காயாது, தரை காயாவிட்டால் மகள் வர முடியாது. பாவம், இதற்கு நடுவில்தான் அந்த மனிதர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். மரியம்பீ குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன் மனசு ஆறும்னா என் வூட்டுத் தண்ணின்னே சொல்லிடு மேஸ்திரி. தனம் எனக்கு தோஸ்த்து. நான் பேஜாராக மாட்டேன்."

சம்பந்தியம்மா

அந்த வாரத்திலேயே சம்பந்தியம்மா மறுபடியும் வந்தார். கூடவே அம்சாவும் வந்திருந்தாள், கை நிறைய வளைகாப்பு வளையல்களோடு. அன்றைக்கென்று வானம் மூட்டம், தரை பளபளவென்று நனைந்து கிடந்தது. என்னைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, எங்கிருந்து வருது?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. முனுசாமி என் வாயையே பார்த்தார். நான் மண்வாகு சரியில்லை என்று ஒரு பொய்யை ஆரம்பித்தேன். அதே சமயத்தில் வாசலிலிருந்து மரியம்பீ, "என் வூட்டுத் தண்ணிதாங்க, அம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டார். பொய் சொல்வதற்கும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சம்பந்தியம்மா என்னை விட்டுவிட்டு மரியம்பீயைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் கர்ப்பிணி வரப்போகிறாள் என்று தெரிந்தும் இப்படியா தண்ணீரை விடுவார்கள் என்று சத்தம் போட்டார். மரியம்பீ தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதைத்தான் முனுசாமியால் தாங்க முடியவில்லை. "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. எம் பொண்டாட்டிதான் தரைக்கு அடியில உப்பக் கொட்டுனா. கரையானுக்கு. நான்தான் மூட்டைய தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஏதோ அடி விழப்போகிற மாதிரி நின்றார்.

அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, சுவரோரம் பூத்திருந்த வெள்ளையை விரலில் எடுத்து, நான் "ஏம்மா, ஏம்மா!" என்று கத்துவதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது. "அம்மாவேதான், நைனா. எதுலதான் அவங்க உப்ப அளவா போட்டாங்க?" என்றாள். முனுசாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். நான் தொழிலைச் சாக்கு வைத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா மருமகளை அதட்டி வாய் கொப்பளிக்க அனுப்பினார். மரியம்பீயைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். பிறகு முனுசாமியைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு அவங்க வெச்ச ரசத்த நானும்தான் குடிச்சேன், சம்பந்தி. அப்ப நான் ஏதாவது வாயத் தொறந்தேனா?"

ஒரு பிடி

தளத்தைப் பெயர்த்தோம். அடியில் உப்பு நசநசவென்று படை படையாக இருந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த வீடு முழுக்கத் தோண்டியும் கரையான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உப்பை எல்லாம் மரியம்பீயின் தென்னை மரங்களுக்கு அள்ளிப் போட்டோம். உப்பு ஊறின மண்ணைக் கழித்து, கம்பெனிகளின் கழிவு கலக்காத மேலாற்றிலிருந்து மணல் கொண்டு வந்து கொட்டி, ஜல்லி பரப்பி, தார் பூசி, புதுத் தளம் போட்டேன். பெயர்த்த பழைய தளத்தில் ஒரு துண்டைக்கூடத் திரும்ப உள்ளே விடவில்லை. இடைஞ்சலாக நின்று ஒவ்வொரு கூடையையும் முனுசாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அடுப்பங்கரை மூலை மட்டும் பாக்கி. தனம்மா உப்பு ஜாடி வைத்திருந்த இடம் அது. கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது முனுசாமி என் பக்கத்தில் வந்து குந்தினார். மூடின கை ஒன்றை முழங்கால்மேல் வைத்திருந்தார், அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அம்சாவுக்கு அந்தக் கூடத்திலேயே பெண் குழந்தை பிறந்ததும், குழந்தை காய்ந்த தரையில் தவழ்ந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவர் ரொம்ப மெல்லிய குரலில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "இந்த மூலையில மட்டும் அவ போட்டது ஒரு பிடி இருக்கட்டுமே மேஸ்திரி. புள்ள படுக்குற எடம் இல்லியே இது."

எத்தனையோ வீட்டில் ஓதத்தைத் தேடித் தேடிப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். மேகம் கறுத்தால் ஒரு கையகலத்துக்கு இன்றும் நனைகிற அந்த ஆம்பூர் மூலை ஒன்றுதான் நான் தெரிந்தே விட்டுவிட்டு வந்த ஓதம்.